இரவல் வானம்

போட்டோக்கலையின் முதல் ஐம்பது வருஷங்களில் வானம் படத்தில் விழவில்லை. சரித்திரம் எழுதுகிறவர்கள் லென்ஸைப் பற்றியும் ரசாயனத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இதைப் போகிறபோக்கில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கலையின் குணத்தைத் தீர்மானித்த காரியங்களில் இது ஒன்று என்றே எனக்குப் படுகிறது. பூமியும் வானமும் ஒரே தட்டில் ஒரே சமயத்தில் பதிய மறுத்தன. ஆகவே பூமி ஓரிடத்திலும் வானம் வேறோரிடத்திலும் எடுக்கப்பட்டு, இருட்டறையில் ஒட்டவைக்கப்பட்டன.

இன்றைக்குத் திருநின்றவூர் ஏரியை ஒருவன் படமெடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விசேஷமில்லாத ஒரு நாள். வெளிறிய வானம், அசையாத தண்ணீர், கரைக்கப்பால் வீடுகள். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வரிசையாகக் காட்டப்படும் வானங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான். சில விநாடிகளில் ஏரிக்குமேல் புயல் மூண்டுவிடுகிறது. அதற்கேற்பத் தண்ணீரும் கறுக்கிறது. இதை இந்த யுகத்தின் மோசடி என்கிறவர்களும், இந்த யுகத்தின் சாதனை என்கிறவர்களும் சரித்திரத்தை மறந்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் கொடுக்கல் வாங்கல் இது. அந்த இரவல் வானம் ஒவ்வொரு காலத்திலும் எதற்காக வாங்கப்பட்டது, கடனை யார் அடைத்தார்கள் என்று பார்ப்பதில்தான் பிரயோஜனம் இருக்கிறது.

1

ஆர்ச்சர் 1851ல் அறிவித்த ஈரக் கொலோடியன் தட்டு நீலத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். பச்சைக்கும் சிவப்புக்கும் அது அநேகமாகக் குருடு. மரமும் செம்மண்ணும் பதிய வேண்டுமானால் லென்ஸ் மூடியைச் சற்று நேரம் திறந்துவைக்க வேண்டும். அதற்குள் வானத்தின் நீல வெளிச்சம் தட்டின் மேல்பாதியை முழுக்கக் கருக்கிவிடும். நெகடிவில் கருத்தது பிரிண்டில் வெள்ளை. ஆகவே அந்தக் காலத்துப் படங்களில் கோபுரங்களும் மலைகளும் வெறும் காகிதத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்று, நெகடிவின்மேல் தூரிகையால் மேகம் எழுதுவது. மற்றது, வானத்துக்கென்று குறைந்த நேரம் வெளிச்சம் கொடுத்துத் தனி நெகடிவ் எடுத்து, இரண்டு நெகடிவ்களையும் ஒரே காகிதத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அச்சிடுவது. பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ க்ரே 1856லும் 57லும் எடுத்த கடல் படங்கள் பலவற்றில் இரண்டாவது வழியைக் கையாண்டார். அடிவானக்கோட்டில் இரண்டு நெகடிவ்களையும் சேர்த்தார். அலை உடைகிற கணமும் மேகம் திரள்கிற கணமும் ஒன்றாக நின்ற அந்தப் படங்களைப் பார்த்து ஜனங்கள் பிரமித்தார்கள். ஒரே மேகக் கூட்டம் அவருடைய வெவ்வேறு கடல்களின்மேல் நிற்பது பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியவந்தது. மேக நெகடிவ்கள் கடைச் சரக்காக விற்பனைக்கும் வந்தன. இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்ஸன் இந்த ஒட்டுவேலையை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கி 1869ல் புத்தகம் எழுதினார். படத்தின் பாவத்துக்கு ஏற்ற வானத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது அவர் கட்சி. அந்த இடத்தில் அன்றைக்கு இருந்த வானம் எது என்பது அவருக்கு இரண்டாம்பட்சம்.

நம் பக்கத்துக்கு இது வர நாள் பிடிக்கவில்லை. சென்னைப் படையைச் சேர்ந்த காப்டன் லினேயஸ் டிரைப், 1855ல் பர்மாவுக்குப் போன தூதுக் குழுவோடு சென்று படமெடுத்தவர். மறு வருஷம் அவரைச் சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோகிராபராக நியமித்தார்கள். 1857ன் கடைசியில் புறப்பட்டு 1858ல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று அவர் மாட்டுவண்டிப் பாதைகளில் சுற்றிக் கொண்டுவந்த படங்கள், தமிழ்நாட்டுக் கட்டிடங்களைப் பற்றி நமக்குக் கிடைக்கிற முதல் பெரிய சாட்சியம். அவருடைய காகித நெகடிவ்களின் பின்பக்கத்தில் வர்ணம் தடவி மேகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பர்மாப் படங்களில் இது அதிகம். வர்ணம் தடவிய இடத்தில் வெளிச்சம் இறங்காது. பிரிண்டில் அங்கே வெண்மேகம் நிற்கும்.

இதே டிரைப்தான் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டை, நகர்ந்து நகர்ந்து படமெடுத்து, 21 பிரிண்டுகளை வரிசையாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இரண்டும் ஒட்டுவேலைதான், இரண்டிலும் கை விளையாடியிருக்கிறது. கல்வெட்டை ஒட்டியது, ஒரு தட்டுக்குள் அடங்காததைப் படிக்கக் கொடுப்பதற்காக. மேகம் எழுதியது, வெறிச்சோடிய காகிதம் கண்ணை உறுத்தாமலிருப்பதற்காக. அந்த மேகத்தை நம்பி எவனும் எந்த முடிவுக்கும் வரப்போவதில்லை. கை வைத்தாயா இல்லையா என்பதை வைத்து மட்டும் ஒரு படத்தை நியாயம் விசாரிக்க முடியாது என்பதற்கு டிரைப்பைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். 1859ல் கவர்னராக வந்த டிரெவெல்யன் இந்த வேலை அதிகச் செலவு என்று நிறுத்திவிட்டார்.

2

வானம் வேறு விதமாகவும் இரவல் வாங்கப்படும். படத்தில் மேகம் ஏற்றாமலேயே அது நடக்கும்.

1876 முதல் 78 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை ராணுவ அதிகாரி வில்லபி வாலஸ் ஹூப்பர் படமெடுத்தார். எலும்புக்கூடுகளாகிவிட்ட குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த அந்தப் படங்களுக்காக அவர்மேல் பலத்த கண்டனம் எழுந்தது. கண்டனம் நியாயமானதே. எனக்கு அந்தப் படங்களில் தைப்பது வேறொன்று. அவற்றுக்கு ஒரு மேகம் வேண்டுமென்று எவனுக்கும் தோன்றவில்லை. காரணம், மேகமில்லாத வானம்தான் அங்கே சர்க்காரின் வாதம். மழை பொய்த்தது, ஆகவே ஜனங்கள் செத்தார்கள். மழை பொய்த்தது வாஸ்தவம். ஆனால் அதே மாதங்களில் தானியம் கப்பலேறிப்போய்க்கொண்டிருந்தது. ஸர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையில் கல்லுடைக்கிற ஓர் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். டெம்பிள் கூலி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. கப்பலும் கூலிக் கணக்கும் ஹூப்பரின் சட்டத்துக்குள் வரவில்லை. வெறும் உடல்களும் வெறும் பின்னணியும் மட்டும் வந்தன. பார்க்கிறவன் அண்ணாந்து வானத்தைத்தான் குற்றம் சொல்லவேண்டும்.

இந்த இடத்தில் நான் சொல்லவருவது தெளிவாகிவிட வேண்டும். பேரிடரைக் காட்டுகிற படத்தில் வானம் வெறும் அலங்காரமாக நிற்பதில்லை. அது காரணம் கற்பிக்கிறது. மேலே பெரிதாகக் கருப்பை ஏற்றினால், கீழே நடந்ததெல்லாம் மேலிருந்து வந்தது என்று ஆகிவிடுகிறது.

1917ல் இது ஒரு சண்டையாகவே வெடித்தது. ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வப் போட்டோகிராபராக பெல்ஜியத்தில் இருந்த பிராங்க் ஹர்லி, யுத்தத்தை ஒரே நெகடிவில் அடக்க முடியாது என்று வாதாடினார். சிப்பாய்கள் ஒரு நெகடிவிலிருந்து, குண்டுப் புகை மற்றொன்றிலிருந்து, விமானங்கள் இன்னொன்றிலிருந்து. பாஷன்டேல் சண்டைக்கு மறுநாள் காலையில் சேற்றில் கிடக்கிற பிணங்களின் மேல், கதிர் பாய்கிற கனத்த மேகவானம் ஒன்றை வேறு நெகடிவிலிருந்து கொண்டுவந்து கவிழ்த்தார். படையின் சரித்திரக்காரரான சார்லஸ் பீன் இவற்றைப் போலிகள் என்றே சொன்னார். ஹர்லி வெறும் ஏமாற்றுக்காரர் அல்ல. உயிரைப் பணயம் வைத்துப் படமெடுத்தவர். கண்ணால் கண்டதன் கொடூரம் படத்தில் வரவில்லை என்கிற அவருடைய தவிப்பு உண்மையானது. ஆனால் அந்த மேகமும் அந்தக் கதிரும் பாஷன்டேலின் சேற்றை ஏதோ ஒரு மகா காவியத்தின் கடைசிக் காட்சியாக்கிவிட்டன. அவர்களைச் சேற்றுக்குள் அனுப்பிய உத்தரவு எங்கோ மறைந்துபோயிற்று.

3

அதற்குள் நிஜ வானத்தைப் பதிக்கிற வழிகளும் வந்துவிட்டன. 1873ல் ஜெர்மானியரான ஃபோகல், தட்டில் சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களுக்கும் அது கண் திறக்கும் என்று கண்டார். எல்லா நிறத்தையும் பார்க்கிற பான்க்ரோமாடிக் தட்டுகள் 1906 வாக்கில் கடைக்கு வந்தன. லென்ஸின்முன் மஞ்சள் கண்ணாடி வைத்தால் வானம் சற்றுக் கறுக்கும். சிவப்பு வைத்தால் பட்டப்பகல் வானம் இடி விழப்போகிற வானமாகிவிடும். ஆன்ஸல் ஆடம்ஸ் 1927ல் அமெரிக்காவின் யோஸெமிடி மலைப் பாறை ஒன்றைச் சிவப்பு வடிகட்டி போட்டு எடுத்த படம் இதில் பிரசித்தம். வானம் அந்த இடத்தினுடையது. கருப்பு மட்டும் கண்ணாடியினுடையது. இருட்டறையில் பிரிண்ட் போடும்போது கீழ்ப்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு மேல்பாதிக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் காட்டினாலும் வானம் கனத்துவிடும். ஊருக்கு ஊர் ஸ்டூடியோ வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் இது கைவந்த வித்தை.

நம் ஸ்டூடியோக்களுக்கு வானம் வேறொரு வாசல் வழியாகவும் வந்தது. நாடகக் கம்பெனிகளின் படுதா எழுதினவர்கள்தான் ஸ்டூடியோ படுதாவும் எழுதினார்கள். சென்னைக் கலைப்பள்ளியில் படித்த கொண்டையராஜு நாடகப் படுதாக்கள் எழுதிவிட்டு, கோவில்பட்டியில் தங்கி ஸ்டூடியோ வைத்து, தம் சிஷ்யர்களோடு காலண்டர் படங்களுக்கு வந்தவர்; 1976ல் காலமானார். தர்பார்ப் படுதா, காட்டுப் படுதா, தெருப் படுதா என்று நாடகத்தில் எப்படி ஒவ்வொரு காட்சிக்கும் ஒன்று உண்டோ, அப்படியே ஸ்டூடியோவிலும் மாளிகை, பூங்கா, நிலா, ஏரி, மேகம். கல்யாணமான ஜோடி ஒன்று மேகத்துக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டால், அவர்கள் மேகத்துக்குள் போய்வந்தார்கள் என்று யாரும் நினைத்துக்கொண்டதில்லை. படுதாவின் கீழோரச் சுருக்கம்கூடச் சில படங்களில் தெரியும். அதை மறைக்க வேண்டும் என்ற பதட்டமும் கிடையாது. பார்க்கிறவனுக்கும் எடுக்கிறவனுக்கும் நிற்கிறவனுக்கும் பொதுவாக ஓர் ஒப்பந்தம் இருந்தது. அந்த ஒப்பந்தம் இருக்கிற வரைக்கும் பொய் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த ஒப்பந்தம் நமக்கு ஸ்டூடியோவில் ஆரம்பிக்கவில்லை. முல்லைத் திணைக்குக் கார்காலமும் மாலைப்பொழுதும் என்று இலக்கணம் வகுத்தபோதே, கவிஞன் மழையில் நனைந்துவிட்டுத்தான் மழையை எழுதவேண்டும் என்ற நிபந்தனை தளர்ந்துவிட்டது. வானம் மரபின் களஞ்சியத்திலிருந்து வந்தது. அந்த மரபுக்குள்ளேயே ஒரு சாமர்த்தியமான சூழல் உண்டு. கார்காலத்தில் திரும்பிவிடுகிறேன் என்று தலைவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மழை வந்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது, அவனைக் காணோம். தோழி தலைவியைத் தேற்றுகிறாள்: இது காரே அல்ல, பருவம் தப்பிய வம்பமழை, அறியாமல் பூத்துவிட்டது இந்த மரம். எதிரே நிற்கிற வானத்தையே இல்லையென்கிறாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும், கேட்கிற தலைவிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மூன்று பேருக்கும் தெரிந்த பொய் என்பதால்தான் அது கவிதையாகிறது.

4

கம்ப்யூட்டருக்கு வருவோம். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் எழுதிய போட்டோஷாப் 1990 பிப்ரவரியில் வெளிவந்தது. 1994ல் அதில் அடுக்குகள் வந்தன. ஒரு படத்தின்மேல் இன்னொன்றைக் கண்ணாடிபோல விரித்துவைத்து, வேண்டிய இடத்தில் அழித்து, வேண்டாவிட்டால் திரும்ப எடுத்துவிடலாம். லெ க்ரே அடிவானக்கோட்டில் செய்தது இதுதான். அவருக்கு ஒரு முறை தவறினால் ஒரு காகிதம் நஷ்டம். இங்கே நஷ்டமே கிடையாது. இருட்டறை வித்தைகள் பெயரோடு உள்ளே நுழைந்தன. வெளுக்கவைக்கும் கருவி டாட்ஜ், கறுக்கவைக்கும் கருவி பர்ன். பர்னுக்கு அடையாளச் சின்னமாக, வெளிச்சத்தைக் குவித்து மறைக்கிற ஒரு கையையே போட்டிருக்கிறார்கள்.

இதன்பிறகு புயல் என்பது சமையல் குறிப்பாகிவிட்டது. முதலில் வானத்தை வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கவேண்டும். அல்லது நிஜமான மேகம் ஒன்றுமே இல்லாமல், எண்களிலிருந்தே மேகம் நெய்யலாம். ‘டிரான்’ என்ற 1982ம் வருஷப் படத்தில் வேலை செய்த கென் பெர்லின், கம்ப்யூட்டர் சித்திரங்களின் இயந்திர வழவழப்புப் பிடிக்காமல், ஒழுங்குள்ள ஒழுங்கின்மை ஒன்றைக் கணக்கில் பிடித்தார். 1985ல் அதைப் பிரசுரித்தார். மேகம், புகை, சலவைக்கல் எல்லாவற்றையும் அந்த வழியில் உண்டாக்க முடிந்தது. 1997ல் ஹாலிவுட் அகாடமி அவருக்கு ஒரு தொழில்நுட்பப் பரிசு கொடுத்தது. வானம் ஆனபிறகு தரை. வெயில் நேரத்து மஞ்சளை இறக்கி நீலத்தை ஏற்றவேண்டும். நிழல்களைக் கரைக்கவேண்டும், ஏனென்றால் மூடிய வானத்தின்கீழ்க் கூர்மையான நிழல் விழாது. அப்புறம் மழை. கரும்பரப்பில் உப்புத் தூவினமாதிரி வெள்ளைப் புள்ளிகளைத் தூவி, காற்றடிக்கிற சாய்வில் இழுத்துவிட்டால் புள்ளிகள் கோடுகளாகும். கருப்பு மறைந்து வெள்ளை மட்டும் நிற்கிறபடி அந்தப் பரப்பைப் படத்தின்மேல் விரித்துவிட்டால் மழை பெய்துவிடும். மின்னலும் அப்படியே.

கைவேலையாக இருந்தவரைக்கும் எங்காவது ஒரு பிசகு மிஞ்சும். வானத்தில் வெளிச்சம் இடப்பக்கம், சுவரில் வெயில் வலப்பக்கம். மேலே பிரளயம், கீழே தண்ணீரில் பழைய வெளிறிய வானத்தின் பிரதிபிம்பம். மழை கொட்டுகிறது, ரோடு காய்ந்து கிடக்கிறது. கண் பழகினவன் கண்டுபிடித்துவிடுவான். 2020 அக்டோபரில் போட்டோஷாப்பே வானத்தை அடையாளம் கண்டு, மாற்றி, கீழே உள்ள நிலத்தின் நிறத்தையும் அதற்கேற்பத் திருத்திக்கொடுக்க ஆரம்பித்தது. இரவல் கொடுக்கும் கடையும், ஒட்டுகிற கையும், பிசகைத் துடைக்கிற கண்ணும் ஒன்றாகிவிட்டன. படுதாவின் கீழோரச் சுருக்கத்தை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. ஒப்பந்தத்தை நினைவூட்டிக்கொண்டிருந்தது அந்தச் சுருக்கம் ஒன்றுதான்.

5

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 3ந்தேதி பிரதமர் நரேந்திர மோடி வெள்ளத்தை வானிலிருந்து பார்வையிட்டார். மத்திய சர்க்காரின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்ட படங்களில் ஒன்றில், அவர் ஜன்னல் வழியே குனிந்து பார்க்கிறார். வட்ட ஜன்னலுக்கு வெளியே, தண்ணீரில் நிற்கிற கட்டிடங்கள் துலக்கமாகத் தெரிகின்றன. அசல் படத்தில் அந்த ஜன்னலில் தெரிந்தது மங்கல்தான். இரண்டு படங்களை இணைத்துவிட்டதாக அலுவலகம் ஒப்புக்கொண்டு, படத்தை எடுத்துவிட்டு, வருத்தம் தெரிவித்தது. நாட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் யோசிக்க ஒன்று மிச்சமிருக்கிறது. எப்போதும் கீழே நிற்கிறவன் வானத்தை இரவல் வாங்குவான். இங்கே வானத்தில் இருந்தவர்களுக்கு பூமி இரவல் தேவைப்பட்டிருக்கிறது. அந்த மங்கல்தான் அன்றைய உண்மை. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கீழே ஒன்றும் புரியாது என்பதை அது சொல்லிக்கொண்டிருந்தது. அதைத்தான் அழித்தார்கள்.

அந்த வெள்ளத்தின் வானம் எப்படி இருந்தது? டிசம்பர் 2ந்தேதி காலை வரையிலான இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. இத்தனையும் கொட்டின வானத்துக்குப் படமெடுக்கிற லட்சணம் கிடையாது. சென்னையின் மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு இது தெரியும். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஆடி ஆவணி மாலைகளில் மேற்கே திரளுகிற இடிமேகம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும், மறுநாள் காலை தெரு காய்ந்திருக்கும். ஐப்பசி கார்த்திகையின் அடைமழைக்கு முகமே இல்லை. சாம்பல் பூசின கூரைமாதிரி வானம் தாழ்ந்து கிடக்கும், அவ்வளவுதான். ஊரை முழுக்குவது இந்த முகமில்லாத வானம். கம்ப்யூட்டரின் வரிசையிலிருந்து இறக்குமதியாகிற புயல் வானமோ, கோபுரமாக எழும்பி, சுழன்று, விளிம்பில் வெளிச்சம் ஒழுகுகிற வானம். அமெரிக்கச் சமவெளிகளின் சூறாவளிப் படங்களிலிருந்தும், ஹர்லியின் யுத்தகளத்திலிருந்தும் நமக்குப் பழக்கமாகிவிட்ட முகம் அது.

நம் ஊர் வெள்ளத்தின்மேல் அந்த முகத்தை ஒட்டுகிறபோது நடப்பது ரசனைக் கோளாறு மட்டுமல்ல. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டதாகச் சர்க்கார் கணக்கு. எப்போது, எந்த வேகத்தில் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் விவாதம். 2018ல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று குறித்தது. மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய், ஏரிப் புறம்போக்கு, அதன்மேல் போட்ட மனை — கணக்குக் கேட்க வேண்டிய இடங்கள் இவை. எல்லாம் தரையில் இருக்கின்றன. திருநின்றவூரில் பெருமழை வருஷங்களில் ஏரி நிறைந்து பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நிற்பதும் தரை விவகாரம்தான். முழங்கால் தண்ணீரில் நிற்கிற ஒரு தெருவை எடுத்த படத்தில் மேல்பாதியைப் புயலால் நிரப்பிவிட்டால், கண் முதலில் அங்கேதான் போகும். அடைபட்ட கால்வாய் அதே படத்தின் ஓரத்தில் இருந்தாலும் இல்லாததுபோல ஆகிவிடும். டெம்பிள் காலத்தில் வெறும் வானம் செய்த காரியத்தை இப்போது கறுத்த வானம் செய்கிறது.

ஆகவே படத்தில் கையே வைக்காதே என்று விரதம் போதிப்பதா? அது அசட்டுத்தனம். சென்னைத் துறைமுகத்தில் 2002ல் நிறுவிய டாப்ளர் ராடாரின் படத்தைப் பாருங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அதில் இருக்கிற ஒரு நிறமும் வானத்தினுடையதல்ல. எல்லாம் ஏற்றிய நிறம். ஆனால் ஓரத்தில் ஓர் அளவுகோல் இருக்கிறது. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. டிரைப்பின் 19 அடிக் கல்வெட்டும் அப்படித்தான். 21 துண்டுகளின் விளிம்புகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. கை வைத்த இடத்தைக் காட்டுகிற படத்தோடு நாம் தகராறு செய்ய ஒன்றுமில்லை.

கற்பனைக்கும் சாட்சிக்கும் உள்ள உறவை நம் மரபு எவ்வளவு நிதானமாக யோசித்திருக்கிறது என்பதற்குத் திருநின்றவூரின் பழங்கதையே போதும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பூசலார் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோயில் கட்டப் பொருளில்லாத பூசலார் அதை மனசிலேயே கட்டுகிறார். காஞ்சியில் கற்கோயில் எழுப்பின பல்லவ அரசனும் தன் குடமுழுக்குக்கு அதே நாளைக் குறிக்கிறான். அவனை ராஜசிம்மன் என்று ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். பூசலார் கோயிலுக்குப் போகவேண்டியிருப்பதால் நாளை மாற்றிக்கொள் என்று கனவில் உத்தரவாகிறது. பூசலாரின் மனக்கோயிலைப் பற்றிச் சொல்கிறபோது சேக்கிழார் கோபுரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நாள் பார்த்தது, அஸ்திவாரம் போட்டது, சுதை பூசியது, மதில் எழுப்பியது, கிணறு எடுத்தது, குளம் தோண்டியது வரை சொல்கிறார். தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே நிற்கும் என்பதுவரை யோசித்த கற்பனை அது. அண்ணாந்து பார்க்கிற பகுதியை மட்டும் கட்டிவிட்டு அது நின்றுவிடவில்லை.

அரசன் ஊருக்கு வந்து, பூசலார் கட்டின கோயில் எங்கே என்று கேட்கிறான். அப்படி ஒன்று இங்கே இல்லை என்கிறார்கள் ஊர்க்காரர்கள். பூசலாரின் கோயில் மெய்யாக வேண்டும் என்பதற்காக அவர்களுடைய வாயைச் சேக்கிழார் அடைக்கவில்லை. ஊரில் ஒரு பொய்க்கோபுரத்தை எழுப்பிக் காட்டவும் இல்லை. அவர்கள் கண்டதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்; அரசன் பூசலாரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்கிறான். இருதயாலீசுவரர் என்ற பெயரில் அங்கே கல்லால் ஒரு கோயில் பின்னால் வந்தது, இப்போதும் இருக்கிறது. ஏரிக்கரைத் தெருக்காரனிடம் வெள்ளம் எப்படி வந்தது என்று கேட்டால், வானத்தைப் பற்றி அவன் அதிகம் சொல்லமாட்டான். எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு வாசற்படி ஏறியது என்றுதான் சொல்வான்.